நொதுமலும் நடுவுநிலையும்: ஆனந்தரங்கர் நாட்குறிப்பில் ஆர்க்காட்டு நவாபு (1744–1749)

தோற்றுவாய்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பலரும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஒரு பத்தியிற் குறித்துவிட்டு அப்பாற் செல்வர். வரலாற்றறிஞரோ அதனை ஒரு களஞ்சியமாகக் கொண்டு, வேண்டிய செய்தியை அள்ளிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவர். முன்னையோர்க்கு அஃது இலக்கியம் அன்று. பின்னையோர்க்கு அது சொல்லால் ஆகிய நூல் என்னும் நினைவு இல்லை. இரு சாராரும் விட்டுச் சென்ற இடத்திலிருந்து அந்நூலை ஒருமுறை பயில வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விழைவு.

பயிலுதற்கு எடுத்துக்கொண்ட பகுதி, 1744 முதல் 1749 வரையிலான ஆண்டுகளைப் பற்றியது. அக்காலத்தில் பிரெஞ்சு அரசும் ஆங்கில அரசும் ஐரோப்பாவில் ஆத்திரிய அரசுரிமைப் போரில் எதிரெதிரே நின்றன. அவ்விரு நாட்டு வணிகக் குழுவினரும் நம் கடற்கரையில், ஒரே நவாபின் ஆட்சி எல்லைக்குள், புதுச்சேரியிலும் சென்னையிலும் கோட்டை கட்டி வாழ்ந்தனர். நவாபு அன்வருத்தீன் கானுக்கு அப்போரில் பங்கு இல்லை. ஆயினும் ஐந்தே ஆண்டுகளில் அப்போர் அவருடைய நாட்டை விழுங்கி, இறுதியில் அவரையும் உண்டது. அயலார் போரில் ஒதுங்கி நிற்க விரும்பிய ஒருவன் எவ்வாறு ஒதுங்க இயலாதவன் ஆகின்றான் என்பதை, அந்நாட்களிலேயே, தமிழில், அருகிலிருந்து எழுதிய நூல் இதுவே ஆகும்.

நூலின் வரலாறு

ஆனந்தரங்கர் 1709-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தார்; இளமையிலேயே தந்தையார் திருவேங்கடப் பிள்ளையுடன் புதுச்சேரியை அடைந்தார். 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கிய குறிப்பு, இடையிடையே விடுபாடுகளுடன், 1761 சனவரி வரை செல்கின்றது. அம்மாதத்திலேயே, ஆங்கிலேயரிடம் புதுச்சேரி வீழ்தற்குச் சில நாட்களுக்கு முன், அவர் மறைந்தார். நூல் 1846-இல் வெளிப்பட்டது. 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கிலப் பெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் அச்சேறியது. தமிழ் மூலமோ 1948-இல்தான் புதுவையில் நூல்வடிவில் வெளிவரத் தொடங்கியது.

தமிழ் மூலம் வெளிவருமுன்னரே ஆங்கிலப் பெயர்ப்பு முற்றுப்பெற்றது என்னும் இச்செய்தி சிறிதன்று. பெயர்ப்பு வழியே நூலை அறிந்தோர் நிகழ்ச்சிகளைப் பெற்றனர். நிகழ்ச்சிகளைச் சுமந்துவந்த சொற்களைப் பெற்றிலர். துபாசி, வக்கீல், நசர், பர்வானா, கும்பினி எனப் பாரசீகமும் வடமொழியும் ஐரோப்பிய மொழிகளும் கலந்த அத்தமிழ், தூய நடையை விரும்புவார்க்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். ஆயின், நான்கு மொழியினர் ஒரு கூடத்தில் நின்று ஒருவரையொருவர் எடைபோட்ட காலத்தின் நடை அது. அதனைச் செப்பஞ்செய்து படித்தால், படித்தது நாட்குறிப்பு ஆகாது.

இரு சொற்கள்

ஆராய்ச்சிக்கு முன் இரு சொற்களை வேறுபிரித்து அறிதல் வேண்டும். இக்காலத்தில் ஒரு போரிற் சேராது நிற்கும் நாட்டை ‘நடுநிலை நாடு’ என்கிறோம். பழைய வழக்கில் பகையும் நட்பும் அல்லாத நிலைக்கு நொதுமல் என்பது பெயர். நடுவுநிலைமை என்பது அதனின் வேறு. திருக்குறளில் அப்பெயர் பெற்ற அதிகாரத்திற்கு முன்னுரை கூறும் பரிமேலழகர், பகைவர், நொதுமலர், நண்பர் ஆகிய மூவரிடத்தும் அறம் பிறழாது ஒத்து நிற்றலையே நடுவுநிலைமை என விளக்குவர். எனவே நொதுமல் ஒருவன் நிற்கும் இடத்தைக் குறிக்கும். நடுவுநிலைமை அவன் கையிலுள்ள கோலைக் குறிக்கும். எவரோடும் சேராமை ஒன்று. எவர்க்கும் ஒத்த நீதி செய்தல் மற்றொன்று.

இவ்வதிகாரம் செய்ந்நன்றி அறிதலின் பின் வைக்கப்பட்டதற்கும் அவ்வுரையாசிரியர் காரணம் கூறுவர். நன்மை செய்தாரிடத்து அந்நன்மையை நினைக்கும்போது நடுவுநிலை சிதைய இடமுண்டு. அவ்விடத்தும் சிதையலாகாது என்பதே அவர் கருத்து. நவாபை அளத்தற்கு முதல் வேறுபாடும், ஆனந்தரங்கரை அளத்தற்கு இரண்டாம் கருத்தும் நமக்குப் பயன்படும்.

கடலும் கரையும்

1744-இல் போர்ச்செய்தி கிழக்கே வந்தபோது புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே, சென்னை ஆங்கிலேயரோடு கீழ்க்கடலில் போர் வேண்டா என்னும் உடன்பாட்டை நாடினார். சென்னைக் குழுவினர் மறுக்கவில்லை. ஆயின் தம் அரசரின் போர்க்கப்பல்கள் தமக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்றனர். அவ்விடை பொய்யன்று, பயனுடையதும் அன்று. பார்னெட் தலைமையில் வந்த ஆங்கிலக் கப்பல்கள், பிரெஞ்சு வணிகக் கப்பல்களை அடுத்த ஆண்டிலேயே கவர்ந்துகொண்டன. அப்போது புதுச்சேரிக்கு நவாபின் நிழலையன்றி வேறு நிழலில்லை. துய்ப்ளே ஆர்க்காட்டுக்கு முறையிட, நவாபும் தம் நாட்டு எல்லைக்குள் புதுச்சேரியைத் தாக்கலாகாது எனச் சென்னைக்குத் தடை விதித்தார். ஆங்கிலேயர் பணிந்தனர்.

இதுவே நவாபின் நொதுமல் உயிரோடிருந்த காலம். அஃது எதனால் உயிர்த்தது? உடன்படிக்கையால் அன்று; அவருடைய குதிரைப்படையை எதிர்த்து நிற்க எந்த வணிகனாலும் இயலாது என்ற நம்பிக்கையால். அந்நம்பிக்கைக்குப் புதுச்சேரியில் ஒரு முன்வரலாறும் உண்டு. 1740-இல் நவாபு தோஸ்து அலி மராட்டியரால் வீழ்ந்தபோது, அவர் குடும்பத்தார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். அன்றைய ஆளுநர் துய்மா, மராட்டியர் கேட்டும் அவர்களை விட்டுக்கொடுத்திலர். கரையிலுள்ளோர் ஒருவரையொருவர் காக்கும் இம்முறையே அன்றைய ஒழுங்காக இருந்தது.

1746-இல் கடலின் நிலை மாறியது. சூலையில் லா பூர்தொன்னே பிரெஞ்சுக் கப்பல்களுடன் வந்தார். நாகப்பட்டினத்துக்கு அப்பால் நிகழ்ந்த போருக்குப் பின் பெய்ட்டனின் ஆங்கிலக் கப்பல்கள் இலங்கைப் பக்கம் ஒதுங்கின. இப்போது நவாபின் நிழலை நாடவேண்டிய முறை சென்னைக்கு. தூது சென்றது, ஆயின் உரிய அன்பளிப்பு உடன்செல்லவில்லை என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதுவர். துய்ப்ளேயோ, சென்னையைப் பிடித்தால் அதனை நவாபுக்கே அளிப்பதாகச் சொல் அனுப்பினார். செப்டம்பர் 21-ஆம் நாள் சென்னை பணிந்தது. பழைய பஞ்சாங்கத்தைக் கைவிடாத ஆங்கிலேயர்க்கு அஃது அம்மாதம் 10-ஆம் நாள். ஒரே வீழ்ச்சிக்கு இரு நாட்கள்! நம் பிள்ளையவர்களோ, தமிழாண்டும் திங்களும் நாளும் ஐரோப்பியத் தேதியும் சேர எழுதுபவர். அவருக்கு அது அட்சய ஆண்டின் புரட்டாசி.

கேட்டது, வாசித்தது, பேசியது

இந்நிகழ்ச்சிகளை எந்த வரலாற்று நூலிலும் காணலாம். நாட்குறிப்பிற் காண்பது வேறு. அதன் செய்திகள் மூன்று வழியில் வருவன. முதலாவது கேட்டது: கப்பலாலும் ஓட்டராலும் கடைத்தெருவாலும் வரும் வதந்தி. இரண்டாவது வாசித்தது: ஆர்க்காட்டிலிருந்து வரும் பாரசீகக் கடிதங்கள், அவற்றிற்கு விடுக்கும் மறுமொழிகள். மூன்றாவது பேசியது: ஆளுநர் மாளிகையில் துய்ப்ளேயும் பிள்ளையும் நேருக்கு நேர் உரையாடிய பேச்சு. மூன்றையும் அவர் ஒரே நாளின் கீழ் அடுத்தடுத்து வைக்கின்றார். ஒன்றால் மற்றொன்றைத் திருத்துவதில்லை. காலையில் கேட்ட வதந்தி மாலைக் கடிதத்தாற் பொய்த்தாலும், காலையில் எழுதியது எழுதியபடியே நிற்கும்.

இவ்வமைப்பே நூலின் இலக்கியப் பயன் என்று கருத இடமுண்டு. பின்னால் எழுதும் வரலாற்றாசிரியன் முடிவை அறிந்தவன். எனவே நவாபின் ஒவ்வொரு செயலும் அவனுக்கு அறியாமையாகத் தோன்றும். நாட்குறிப்போ முடிவை அறியாதது. அடுத்த நாள் என்ன ஆகுமோ என்னும் ஐயத்தோடு ஒவ்வொரு பக்கமும் முடிகின்றது. நவாபின் தயக்கம் அங்கே மடமையாகத் தெரிவதில்லை. எல்லாரும் தயங்கிய காலத்தில் ஒருவன் கொண்ட தயக்கமாகவே தெரிகின்றது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. எவருக்கு எத்தனை பீரங்கி முழங்கிற்று, எவர் எழுந்து நின்றார், எவர் வாயில் வரை வந்தார், நசர் எவ்வளவு, அணிவித்த ஆடை எத்தகையது என்பனவற்றை அவர் சலியாது எழுதுவர். படிப்போர் சிலர் இதனைக் கூறியது கூறல் எனத் தள்ளுவர். அஃது அறியாமை. எழுதப்பட்ட ஒப்பந்தத்தினும் வரவேற்பின் அளவே ஒருவனின் மதிப்பை உரைக்கும் உலகம் அது. துப்பாக்கி வணிகர்க்கும் நவாபுக்கும் இடையேயுள்ள உறவு எந்நாளில் மாறிற்று என்று அறிய விரும்புவோன், முதலில் இவ்வெண்ணிக்கைகளையே பார்த்தல் வேண்டும். பிள்ளையவர்கள் அரசியலை அளந்த மரக்கால் அது.

அடையாற்றுக்குப் பின்

சென்னை பிடிபட்டதும் வாக்களித்தபடி நவாபு அதனைக் கேட்டார். லா பூர்தொன்னே ஆங்கிலேயரிடம் 11 இலட்சம் வராகன் மீட்புத்தொகைக்கு உடன்பட்டிருந்தார். துய்ப்ளே அவ்வுடன்பாட்டை ஏற்றிலர். நவாபுக்கு நகரைக் கொடுக்கவும் இல்லை. அக்டோபரில் எழுந்த புயலால் கப்பல்கள் சிதைய, லா பூர்தொன்னே கரையைவிட்டு நீங்கினார். நவாபின் மூத்த மகன் மாபூசுகான் பெரும்படையோடு சென்னையைச் சூழ்ந்தார். நவம்பர்த் தொடக்கத்தில், பராதி என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் நடத்திவந்த, ஐரோப்பியரும் நம் நாட்டுச் சிப்பாய்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர்கொண்ட சிறுபடை அடையாற்றைக் கடந்து அப்பெரும்படையைக் கலைத்தது.

அடையாற்றுப் போரில் இறந்தோர் தொகை பெரிதன்று. அங்கே இறந்தது ஒரு நம்பிக்கை. நவாபின் தடையாணைக்கு அடியிலிருந்த நிலம் அன்று சரிந்தது. அதன்பின் நாட்குறிப்பில் வரும் ஆளுநர் பேச்சில் நவாபின் படைபற்றிய இளக்காரம் தலைகாட்டுகின்றது. முன்பு அஞ்சி எழுதப்பட்ட பெயர், இப்போது எண்ணிப் பார்க்கப்படும் பெயராகிறது.

எனினும் நவாபு உடனே ஓய்ந்திலர். அவ்வாண்டு திசம்பரில் பிரெஞ்சுப்படை கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்து ஆங்கிலக் கோட்டையைத் தாக்கச் சென்றபோது, நவாபின் மக்கள் இருவரும் ஆங்கிலேயர்க்குத் துணையாக வந்து அதனைத் திருப்பினர். ஆனால் 1747 பெப்ருவரியிலேயே மாபூசுகான் புதுச்சேரிக்கு விருந்தினராக வந்தார். அடையாற்றங்கரையில் தோற்றோடிய அதே இளவரசருக்கு இங்கே பீரங்கி முழங்கியது, அன்பளிப்புகள் வழங்கப்பட்டன. அடுத்த மாதம் கிரிபின் தலைமையில் ஆங்கிலக் கப்பல்கள் வங்கத்திலிருந்து வரவே, நவாபின் மனம் மீண்டும் ஊசலாடியது. 1748-இல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயர்க்குக் குதிரைப்படை அனுப்புவதாக வாக்களித்தார். வந்தது அதன் சிறு கூறே. அக்டோபரில் முற்றுகை நீங்கியதும் துய்ப்ளேக்கு வாழ்த்துகள் வந்தன.

இவ்வூசலை வைத்து நவாபைக் கொள்கையற்றவர் என்று கூறுவது எளிது. ஆயின் வேறுபிரித்த இரு சொற்களையும் இங்கே நினைவிற் கொள்க. 1745-இல் புதுச்சேரியைக் காத்ததும், 1746-இல் சென்னையைக் கேட்டதும், திசம்பரில் கடலூருக்குத் துணைநின்றதும் ஒரே கொள்கையின் மூன்று செயல்கள்: வலியார் மெலியாரை என் நாட்டில் விழுங்கலாகாது என்பது அது. அதுவரை அவர் கையிற் கோல் இருந்தது. அன்பளிப்பும் வாக்கும் மாறிமாறிப் பெற்ற பின்னாட்களில் கோல் நழுவியது. இடம் மட்டும் எஞ்சியது. நடுவுநிலைமை நொதுமலாகச் சுருங்கிற்று. வலியற்ற நொதுமல் இரு பக்கத்தாருக்கும் விலைப்பொருளே ஆகும்.

1748 அக்டோபரில் எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கை ஐரோப்பாவில் போரை முடித்தது. 1749-இல் சென்னை ஆங்கிலேயரிடம் மீண்டது. வட அமெரிக்காவில் லூயிபூர்க்குக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. நவாபின் நாட்டு நகரம், நவாபைக் கேளாமல், அவர் கண்ணாற் காணாத தீவின் கோட்டைக்கு ஈடாயிற்று. அவ்வாண்டு ஆகத்து 3-ஆம் நாள், சந்தா சாகிபும் முசாபர் சங்கும் பிரெஞ்சுப்படையும் ஒன்றுகூடித் தாக்க, அன்வருத்தீன் ஆம்பூரில் களத்திலே வீழ்ந்தார். நான்காண்டுக்கு முன் எவருடைய ஊரைத் தம் ஆணையாற் காத்தாரோ, அவருடைய படை அது.

துபாசியின் இருக்கை

இனி, இதனை எழுதியவரின் நிலை யாது? துபாசி என்பான் இரு மொழியாளன். இரு தரப்பையும் அறிந்தவன் ஆதலின் அவனே நடுவுநிலையாளன் என்று சில அறிஞர் கருதுவர். அக்கருத்து ஏற்குமாறில்லை. 1746 பெப்ருவரியில் கனகராய முதலியார் மறைந்தபின் தலைமைத் துபாசிப் பதவி நிரப்பப்படாதிருந்தது. சென்னை வீழ்ந்தபோது பிள்ளையவர்கள் அப்பதவியின் வேலைகளைச் செய்துகொண்டே அதன் பெயருக்குக் காத்திருந்தவர். அவருடைய வாணிகம் நவாபின் நாட்டுச் சாலைகள் வழியே நடந்தது. அவர் உயர்வோ துய்ப்ளேயின் கையில் இருந்தது. துய்ப்ளேயின் துணைவியார் தமிழறிந்தவர்; தமக்கெனத் தனி ஒற்றரை வைத்திருந்தவர்; பிள்ளையின்மீது காழ்ப்புடையவர். இத்தகைய இருக்கையில் அமர்ந்தவன் நடுவன் அல்லன், நடுவே நெருக்குண்டவன்.

சென்னை வெற்றியை அவர் புகழும் இடங்களில் நன்றியுணர்வு மேலோங்கி நிற்கின்றது. வெற்றிக்கு ஈடாக வீடிழந்த சென்னை மக்களின் துன்பம் அப்புகழுரையின் ஓரத்திலேதான் தென்படும். பெரம்பூரிற் பிறந்த ஒருவர், தாம் பிறந்த மண்ணருகே நேர்ந்த அழிவை ஆளுநரின் ஆகூழாகக் கணக்கெழுதுகின்றார். பரிமேலழகர் அஞ்சியது இவ்விடத்தையே: நன்றி நினைவு கோலைச் சாய்க்கும் இடம் இது. இக்குறையை மறைத்துப் பிள்ளையவர்களைப் போற்றுவது திறனாய்வு ஆகாது. ‘ஆனந்தரங்கன் கோவை’யும் 1752-இல் இயன்ற ‘ஆனந்தரங்க விசய சம்பு’வும் அப்பணியை அவர் காலத்திலேயே செய்துவிட்டன.

ஆயினும் அவரைத் தூக்கி எறிதற்கும் இயலாது. 1748 செப்டம்பரில், முற்றுகைக்கிடையே, புதுச்சேரியின் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்நாளின் குறிப்பு நூலின் உச்சம் எனலாம். அங்கே அவர் துயரும், தடுக்க இயலாத தம் நிலையும், ஊர்ப்பெரியோர் ஒன்றுபடாமையும் ஒருங்கே பதிவாகின்றன. வெளியே ஆங்கிலப் பீரங்கி. உள்ளே தாம் பணிபுரியும் அரசே இடிக்கும் கோயில். எந்த அரசின் வெற்றியைப் பேணினாரோ அதன் காப்புக்குள் தம் தெய்வத்துக்கு இடமில்லை என்பதை அவர் வாதமாக எழுதவில்லை, நிகழ்ந்ததை எழுதினார். அது போதும்.

தமக்கு எதிரான சான்றையும் தம் கையாலேயே எழுதிவைத்த எழுத்தாளர் அவர். அவர் நெஞ்சில் நடுவுநிலை இல்லாத இடத்தும் ஏட்டில் அதற்கு வேண்டிய பொருள் இருக்கின்றது. கோல் தூக்கவேண்டியவர் படிப்பவரே.

பின்வந்த படைப்பு

இப்பொருளைப் புதுமை இலக்கியத்திற் கையாண்டவர் புதுவைப் பிரபஞ்சன். ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் இரு புதினங்களும் நாட்குறிப்பினின்று முளைத்தவை. பின்னது 1995-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. நாட்குறிப்பின் ஓரத்தில் நின்ற எளிய மக்களை அவர் நடுவுக்குக் கொணர்ந்தார். மூலம் செய்யாது விட்டதைச் செய்தமையால் அப்புதினங்களும் ஒருவகைத் திறனாய்வே ஆகும். ஆயின் அவற்றைப் படித்தபின் மூலத்தைப் படிக்க வேண்டுவதில்லை என்று மாணாக்கர் கருதுவது வருந்தத்தக்கது. புதினம் நமக்கு முடிவு தெரிந்த கதையைத் தருகின்றது. மூலமோ முடிவு தெரியாத நாட்களைத் தருகின்றது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ஒன்று, நாட்குறிப்பின் மூவகைச் செய்தியமைப்பு அதற்குத் தனியானதோர் உரைநடைத் தகுதியைத் தருகின்றது. இரண்டு, அன்வருத்தீன் நடுவுநிலையில் தொடங்கி நொதுமலில் முடிந்தவர். வலி குன்றியதே அதற்குக் காரணம். மூன்று, ஆனந்தரங்கர் நடுவுநிலையாளர் அல்லர், ஆயினும் உண்மையாளர்.

புதுச்சேரியில் அவர் பெயர் தாங்கிய தெருவில் அவர் மாளிகை இன்றும் நிற்கின்றது. கோட்டை 1761-இன் பின் தரைமட்டமாயிற்று. போரிட்ட பேரரசுகள் இரண்டும் இம்மண்ணைவிட்டு நீங்கின. எஞ்சியது ஒரு துபாசியின் தமிழ். அதனைச் செய்திக் கிடங்காகவன்றி நூலாகப் பயிலும் கடமை, பிற எவரினும் தமிழ்த் துறையினர்க்கே உரியது. அவர் எழுதிய சொற்களை அவர் எழுதியவாறே, அகராதியும் விளக்கமும் சேர்த்து, மாணாக்கர் கையில் அளித்தல் அக்கடமையின் முதற்படி.